கேட்கும் நாடகமும் காதலும்: முள்ளியவளையை முன்வைத்து ஒரு நோக்கு

காதற்கதையைக் குரலாலும் ஓசையாலும் மட்டுமே நடத்திச் செல்லும் நாடகங்கள் இன்று வலையொலிகளாகக் கைப்பேசி வழியே கேட்கப்படுகின்றன. இவற்றைப் புதியதொரு கலைவடிவமாகக் கொள்வோர் உளர். வானொலி நாடகத்தின் மறுபிறப்பாகக் கொள்வோரும் உளர். இரு கூற்றும் கருவியையே அளவுகோலாகக் கொள்வன. ஒரு கலை எந்தக் கருவியின் வழி வருகின்றது என்பதோடு, எவ்வகை உழைப்பில் உருவாகின்றது, எத்தகைய உறவுடையோர் அதனைக் கேட்கின்றனர் என்பனவும் வினவத்தக்கவை. வன்னிப் பெருநிலத்து முள்ளியவளையை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வது பயன் தரும்.

முள்ளியவளை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு நெருங்கிய தொடர்புடைய விவசாயக் கிராமமாகும். வைகாசிப் பொங்கலையொட்டிக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் நீரில் விளக்கெரிக்கும் சடங்கு முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் நடைபெறுகின்றது. கோவலன் கூத்து இப்பிரதேசத்தில் தனிச்சிறப்புப் பெற்றமைக்கு இவ்வழிபாட்டுச் சூழல் முக்கிய காரணமாகும். கூத்துக் காட்சிக்கலையே, ஆயினும் அதன் கதையை நகர்த்துவன அண்ணாவியாரின் பாட்டும் மத்தள ஒலியுமே. கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோரது உறவு அங்கே தனிமனித உணர்ச்சியாக மட்டும் நிற்பதில்லை. செல்வம் கரைவதும், சிலம்பு விலைபோக வேண்டி வருவதும், அரச நீதி பிழைப்பதும் காதலின் கதையோடு பிரிக்கவியலாதவாறு பின்னிக் கிடக்கின்றன.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது அரியாத்தையின் கதை. யானை பிடிக்கும் தொழிலுடைய பணிக்கர் சமூகத்தைச் சேர்ந்த வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை. ஆடவர் அஞ்சிய யானையை அவள் அடக்கினாள் என்றும், அதனால் எழுந்த பொறாமைக்கு இரையாகி மாண்டாள் என்றும் வன்னி மக்கள் வழங்குவர். அவள் பேரிலான ஒப்பாரி வன்னி நாட்டார் இலக்கியத்தில் நன்கறியப்பட்டது. ஒலிபரப்பாளர் அருணா செல்லத்துரையின் ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் நாட்டுக்கூத்து இக்கதையைப் பொருளாகக் கொண்டது. ஒப்பாரிக்கு மேடையும் ஒப்பனையும் வேண்டா. அது முழுமையாகக் கேட்கப்படும் வடிவம். இங்கே போற்றப்படுபவள் அழகால் மட்டும் அறியப்படும் தலைவியல்லள். தன் கைத்தொழிலால் அறியப்படுபவள். அவளுடைய இல்லறமும், அவளது உழைப்பும், அவ்வுழைப்பைப் பொறுக்காத சமூகமும் ஒரே புலம்பலில் இணைகின்றன.

இவ்வடிவங்களை இலட்சியப்படுத்துதல் வரலாற்று நோக்காகாது. கூத்தரங்கில் பெண்பாத்திரங்களை ஆடவரே ஏற்பது மரபு. சாதி வரம்பும் கோயிலதிகாரமும் யார் எங்கே நிற்பது என்பதை வகுத்தன. உழைப்பிலிருந்து காதல் பிரியாதிருந்த அதே சமூகத்தில், யார் யாரைக் காதலிக்கலாம் என்பதையும் நிலவுடைமை உறவுகளே தீர்மானித்தன.

இனி வானொலிக்கு வருவோம். ஒலிபரப்புக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது, றிச்சட் ஹியூஸ் எழுதி 1924 ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘அபாயம்’. நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்வையிடச் சென்ற இளஞ்சோடியும் முதியவர் ஒருவரும் விளக்கணைந்த இருளில் அகப்படுகின்றனர். நேயர் எதனையும் காணவியலாத நிலைக்கு ஆசிரியர் கண்ட தீர்வு, பாத்திரங்களையும் இருளில் நிறுத்துவது. உத்தி சிறந்ததே. ஆனால் சோடியின் குரல்கள் முன்னே ஒலிக்க, சுரங்கத் தொழிலாளரின் பாட்டுத் தொலைவிலிருந்து வருகின்றது. உழைப்பாளி பின்னணி ஓசையாகின்றான். வானொலிக் காதல் நாடகத்தின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இது ஒரு குறியீடு போல் அமைந்துவிட்டது.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. வர்த்தக ஒலிபரப்பு 1950இல் ஆரம்பமாயிற்று. தமிழ் வானொலி நாடகத்துறையில் ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதனின் பணி அடித்தளமாயிற்று. ‘இலண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்றவை பெருவரவேற்புப் பெற்றன. மேடையில் கோலோச்சிய செயற்கைச் செந்தமிழை விலக்கி, வீட்டிலும் ஒழுங்கையிலும் பேசும் மொழிக்குக் கலைத்தகுதி அளித்தமை இவற்றின் முற்போக்கான பங்களிப்பாகும். பெண் குரலைப் பெண்ணே வழங்கியமையும் சிறிதன்று. எனினும் முரண்பாடும் உடனிருந்தது. விளம்பர அனுசரணையில் வளரும் தொடர் நாடகம், பொருள் வாங்கும் குடும்பத்தையே தன் நேயராகக் கற்பனை செய்கின்றது. ஆகவே காதல் வீட்டுச் சுவர்களுக்குள் ஒடுங்குகின்றது. கொழும்பில் தயாராகி வன்னிக்கு வந்த குரலுக்கு வன்னி மறுமொழி கூறும் வழி மிகக் குறுகியதாகவே இருந்தது.

இவ்வுறவை எதிர்பாராத வகையில் மாற்றியது போர். 1990களில் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பற்றறிகளும் எரிபொருளும் மக்களுக்கு அரிதாயின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவிலிருந்து மின் பெற்று வானொலி கேட்டனர். ஒருவர் மிதிக்க ஏனையோர் கேட்டனர்; கால் ஓய்ந்தால் குரலும் ஓய்ந்தது. செய்தியாயினும் பாடலாயினும் நாடகமாயினும், கேட்டல் என்பது உடலுழைப்பை வேண்டிநின்ற கூட்டுச் செயலாயிற்று. நுகர்வுப் பொருளாக வந்த வானொலியை, வறுமையும் முற்றுகையும் மீண்டும் முற்றத்துக்குக் கொண்டுவந்தன. இது கொண்டாடத்தக்க நிலையன்று. கலை யாருடைய உழைப்பில் இயங்குகின்றது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய நிலை.

வானொலி வெறும் விநியோகக் கருவியாக அமையாது, நேயரும் பேசக்கூடிய தொடர்புக் கருவியாக வேண்டும் என்று 1932இல் பேர்டோல்ட் பிரெக்ட் வாதிட்டார். வலையொலி அவ்விருப்பத்தின் பாதியை நிறைவேற்றியுள்ளது. ஒலிபரப்பு நிலையத்தின் அனுமதியின்றி, ஒரு கைப்பேசியைக் கொண்டு முள்ளியவளையிலிருந்தும் நாடகம் வெளியிடலாம். மறுபாதி நிறைவேறவில்லை. குரல்களைப் பரப்பும் தளங்கள் பெருநிறுவனங்களுக்கு உரியவை. செவியில் பொருத்திய கருவி, கூடிக் கேட்ட நேயரைத் தனித்தனி நுகர்வோராகப் பிரிக்கின்றது. மழையும் புகைவண்டியும் காதலரின் தனிமைக்கு ஓசைகளாகின்றன. காதலர் எத்தொழிலால் வாழ்கின்றனர், எவருடைய நிலத்தில் நிற்கின்றனர், எச்சாதி வரம்பை மீறுகின்றனர் என்பன கேட்கப்படாமற் போகும் ஆபத்து உண்டு.

2009இல் பெருந்துயரைக் கண்ட நிலம் முல்லைத்தீவு. துணையை இழந்தும், காணாமலாக்கப்பட்டோரைத் தேடியும் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் அங்கு பலர். அவர்களது வாழ்வில் அன்பும் கூலியும் காணியும் ஒரே வழக்கின் கூறுகள். அத்தகைய மண்ணிலிருந்து காதல் நாடகம் ஒலிக்குமாயின், அது அரியாத்தையின் ஒப்பாரியிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு: காதலிக்கும் பெண்ணின் குரலோடு அவளது தொழிலும் கேட்கப்பட வேண்டும். சுரங்கத்தின் பாட்டுப் பின்னணியிலிருந்து முன்னணிக்கு வரும்போதுதான் ஒலிநாடகம் தன் முதல் இருளிலிருந்து வெளியேறும்.