கண்டெடுத்த பொருளும் காக்கும் கடமையும்

மனிதன் பொருளை ஈட்டுகின்றான்; ஈட்டியதைக் காக்கின்றான்; சில வேளைகளில் காத்ததை இழக்கின்றான். வீட்டினுள் இருக்கும் பொருளுக்குப் பூட்டும் கதவும் காவலாக அமைகின்றன. வழியிலே நழுவி வீழ்ந்த பொருளுக்கோ அதனைக் கண்டெடுப்பவனின் நெஞ்சமன்றி வேறு காவல் இல்லை. ஆதலின் ஒரு சமுதாயத்தின் நேர்மையை அளந்தறிய விரும்புவார், அச்சமுதாயம் பிறருடைய தொலைந்த பொருளை என் செய்கின்றது என்று வினவினாலே போதும். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை, அரண்மனைகளும் ஆலயங்களும் கூறாத உண்மையைக் கூறிவிடும்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை, இவ்வினாவை எழுப்பி ஆராய்வதற்கு மிகவும் பொருத்தமான இடமாகும். ஏனெனில், அம்மலையே ஒரு காலத்தில் தொலைந்து, பின்னர்க் கிடைத்ததாக வரலாற்றில் பேசப்படுகின்றது.

தொலைந்த மலை

1885ஆம் ஆண்டில் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளந்து வரைபடம் ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நிலஅளவையாளர். உயர்ந்த மலைகள் சூழ, மென்மையான சரிவுகளோடு விளங்கிய மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அவர் அறிவித்தார். எனினும், அவ்விடத்தை வரைபடத்தில் தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் காலமானார். விளைவு யாது? கண்டவர் மறைந்தார், கண்ட இடமும் ஆட்சியாளரின் கைக்கு எட்டாது போயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1925ஆம் ஆண்டில், ஜார்ஜ் மேக்ஸ்வெல் அப்பகுதிக்குச் சென்று பார்வையிட்டு, மலைவாழிடம் அமைக்க ஏற்ற இடம் அதுவே என உறுதி செய்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே வளர்ச்சிக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலைமேல் ஏறும் சாலை 1931ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

இங்கே ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. கேமரன் வருவதற்கு முன்னரும், அவர் மறைந்த பின்னரும், அம்மலைக் காடுகளில் செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டே இருந்தனர். அவர்களுக்கு அம்மலை என்றும் தொலைந்ததில்லை. ஆகவே, ‘தொலைந்தது’ என்னும் சொல் பொருளின் இயல்பைக் குறிப்பதன்று. அதனைத் தேடுகின்றவரின் நிலையைக் குறிப்பது. ஒருவருக்குத் தொலைந்த பொருள் மற்றொருவரின் கண்முன்னே கிடக்கலாம். அவ்விருவரையும் ஒன்று சேர்ப்பதற்கு வழி உண்டா என்பதே வினா.

அவ்வழிக்கு மூன்று துணைகள் வேண்டும். பொருளின்மேல் அடையாளம் இருத்தல் ஒன்று. கண்டவர் அதனை அறிவித்தல் மற்றொன்று. உரியவர் வரும்வரை காத்திருத்தல் மூன்றாவது. கேமரன் அறிவித்தார், ஆனால் அடையாளம் இடவில்லை. மூன்றனுள் ஒன்று குறைந்ததாலேயே நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

சிலம்பு காட்டும் இரு காட்சிகள்

இம்மூன்று துணைகளைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே சிந்தித்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐவகை மன்றங்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். அங்கே வணிகர்தம் பொதிகள் திறந்த வெளியிலே கிடந்தன. வாயிற்கதவு இல்லை, தாழ் இல்லை, உடையவரின் காவலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொதியின்மீதும் உரியவரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. எவரேனும் அதனைக் களவாட முயன்றால், அப்பொதியைத் தலையில் ஏற்றி ஊர் காணச் சுழலச் செய்யுமேயன்றி, அம்மன்றம் அதனைக் கொண்டுபோக விடாது என்கின்றார் இளங்கோவடிகள். மன்றத்தின் தெய்வத்தன்மையை ஒருபுறம் வைத்து நோக்கினாலும், பொருளுக்கு அடையாளம் இருந்தது, ஊரார் பார்வை இருந்தது என்னும் இரண்டும் தெளிவாகப் புலனாகின்றன.

அதே காப்பியத்தின் மதுரைக் காண்டம் இதற்கு நேர்மாறான காட்சியைக் காட்டுகின்றது. பாண்டிமாதேவியின் சிலம்பு காணாமற் போயிற்று. அதனைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். பழி சுமந்தவன் கோவலன். சிலம்பின் அடையாளத்தை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. உரியவரை அழைத்து வினவவில்லை. ஒரு பகற்பொழுதேனும் காத்திருக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன என்பது, கோவலன் உயிர் நீங்கிய பின்னரே அவையில் வெளிப்பட்டது. தொலைந்த பொருளைத் தவறாகக் கையாண்டால் பொருள் மட்டுமா போகும்? குற்றமற்றவர் உயிரும் போகும், அரசும் போகும், நகரமும் எரியும். இளங்கோவடிகள் தரும் இப்பாடத்தை மாணவர் தேர்வுக்காக மட்டும் படித்தல் போதாது.

திருவள்ளுவரும் இதனை நுட்பமாக அணுகுகின்றார். கள்ளாமையைத் துறவறவியலில் வைத்த அவர், பிறர் பொருளை விரும்பாமையாகிய வெஃகாமையை இல்லறவியலில் வைத்தார். கண்டெடுத்த பொருளைப் பொறுத்தவரை இவ்வைப்புமுறை மிகவும் பொருள் பொதிந்தது. அங்கே பூட்டை உடைத்தல் இல்லை. சுவர் ஏறுதல் இல்லை. கைக்கு வந்த பொருளை ‘எனக்கே’ என நினைக்கும் விருப்பம் ஒன்றுதான் குற்றத்தின் தொடக்கம். அவ்விருப்பத்தை இல்லத்திலிருந்தே களைதல் வேண்டும்.

சட்டம் கூறுவது

மலேசிய நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே நெறியைப் பின்பற்றுகின்றது. 1860ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களில் 1871ஆம் ஆண்டில் ஒரு தண்டனைச் சட்டம் இயற்றப்பெற்றது. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டமும் அம்மரபில் வந்ததே. அதன் 403ஆம் பிரிவு கண்டெடுத்தவரின் கடமையை விளக்குகின்றது. உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு பொருளை எடுத்துக் காப்பவர் குற்றவாளி அல்லர். ஆனால் உரியவர் யாரெனத் தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், தமக்கென எடுத்துக்கொள்பவர் குற்றவாளியாவார். உரியவரைத் தேடத் தக்க முயற்சி செய்யாமலும், தக்க காலம் காத்திராமலும் பயன்படுத்துபவரும் அவ்வாறே குற்றவாளியாவார்.

இப்பிரிவு தரும் எடுத்துக்காட்டுகள் வகுப்பறைக்கு மிகவும் பயன்படுவன. சாலையில் கிடந்த ஒரு நாணயத்தை உரியவர் இன்னாரென அறியாது எடுத்தவன் அதனால் குற்றம் செய்தவன் ஆகான். பணத்தாள் வைத்த கடிதத்தைக் கண்டெடுத்து, முகவரியால் உரியவரை அறிந்த பின்னும் பணத்தைக் கவர்ந்தவன் குற்றவாளி. ஒருவர் பணப்பையைத் தவறவிடுவதைக் கண்டு, திருப்பித் தரும் நோக்கோடு எடுத்து, பின்னர் மனம் மாறி வைத்துக்கொண்டவனும் குற்றவாளியே. எடுத்தபோது இருந்த நல்லெண்ணம், பின்னர்த் தோன்றிய தீய எண்ணத்தை மறைக்காது.

1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மேலும் ஒரு படி செல்கின்றது. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் காவலில் வைத்துக்கொள்பவர், அடைக்கலப் பொருளை ஏற்றவருக்குரிய பொறுப்பை ஏற்றவராகின்றார். ‘அடைக்கலம்’ என்னும் சொல்லின் அருமையைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மாதரி கண்ணகியை ஏற்ற காதைக்கே அதுதானே பெயர்! இசுலாமிய நெறியிலும், கண்டெடுத்த பொருளை ஓராண்டுக் காலம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்னும் விதி உண்டு. மொழியும் சமயமும் வேறாயினும் அடையாளம், அறிவிப்பு, காத்திருப்பு என்னும் மூன்றும் எங்கும் ஒன்றாகவே நிற்கின்றன.

லயத்து வாழ்க்கையில்

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அதன்பின் பிற தோட்டங்களும் மலைச்சரிவுகளில் எழுந்தன. கொழுந்து பறிக்கவும் களை எடுக்கவும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. வரிசை வரிசையான அறைகள். அறைக்கும் அறைக்கும் இடையே மெல்லிய தடுப்பு. எல்லார்க்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். அங்கே தனிமை அரிது. ஒருவர் இழப்பை மற்றவர் அறியாதிருத்தலும் அரிது.

தேயிலைக் காட்டில் தோடோ மோதிரமோ நழுவி வீழ்ந்தால் அடர்ந்த செடிகளுக்கிடையே அதனைக் காண்பது எளிதன்று. ஆயினும் எந்த நிரையில் எவர் பறித்தார் என்பது மண்டோருக்குத் தெரியும். தேடும் இடம் அதனாற் சுருங்கும். பறித்த செடிகள் மீண்டும் துளிர்த்துக் கொழுந்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அடுத்த முறை அந்நிரைக்கு வருபவரின் கையில்தான் அப்பொருள் சிக்க வேண்டும். அவர் வாய் திறந்தால் பொருள் உரியவரை அடையும். திறவாவிட்டால் மலை அதனை விழுங்கியதாகவே கருதப்படும். அதிகாலையில் அனைவரும் கூடும் பெரட்டுக் களமே செய்தி பரப்பத் தக்க இடம். அங்கே சொல்லும் ஒரு சொல், பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் சென்று சேரும்.

நெருங்கி வாழும் வாழ்க்கையில் ஒரு தீங்கும் உண்டு. பொருள் காணாமற் போனால் முதலில் எழுவது தேடல் அன்று, ஐயமே. அடுத்த வீட்டுப் பிள்ளையின்மீதும், புதிதாக வந்த குடும்பத்தின்மீதும் பழி எளிதில் வீழ்கின்றது. பின்னர்ப் பொருள் அரிசிப் பானைக்குள் கிடைத்தாலும், சொன்ன சொல் மீளாது. இவ்வகையில் ஒவ்வொரு லயத்திலும் ஒரு சிறிய மதுரை இருக்கின்றது. கண்டெடுத்ததை உடனே அறிவிப்பவர் பொருளை மட்டும் மீட்பதில்லை. பழியிலிருந்து ஒருவரையும் மீட்கின்றார்.

தாளில் அடங்கிய வாழ்வு

தங்கத்தினும் மேலான ஒரு பொருள் தோட்டத்துத் தமிழரின் தகரப்பெட்டியில் இருந்தது. அதுதான் அடையாளப் பத்திரம். 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனோர் பதிவு செய்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு பெற வேண்டும் என ஆணை பிறந்தது. காட்டிலிருந்து போராடியோர் அக்கார்டுகளைப் பறித்து அழித்ததும் உண்டு. ஒரு துண்டுத் தாள் அச்சத்திற்கும் பாதுகாப்பிற்கும் இடையே நின்றது.

1957ஆம் ஆண்டு விடுதலைக்குப் பின் அத்தாளின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் தம் பிறப்பையும் வசிப்பையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் மழையில் நனைந்து கிழிந்தவர்க்கும், தோட்டம் மாறுகையில் அதனைத் தொலைத்தவர்க்கும், பிறப்பையே பதியாது விட்டவர்க்கும் வழி அடைபட்டது. பலர் நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்நாளைக் கழித்தனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றது. அதன் விளைவாகப் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். இச்சிக்கல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பத்திரமற்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்காக 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் தனி இயக்கமே நடத்த வேண்டியதாயிற்று.

ஆகவே, தெருவில் கிடக்கும் ஓர் அடையாளக் கார்டு வெறும் அட்டை அன்று. ஒருவரின் நாடு அதில் அடங்கியிருக்கின்றது. பிறருடைய அடையாளக் கார்டைத் தக்க காரணமின்றி வைத்திருத்தலும் 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகளின்படி குற்றமாகும். இன்று மலைத்தோட்டங்களில் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். அவர்களுடைய கடப்பிதழும் அவ்வாறே அவர்களின் உயிர்நாடி. பத்திரம் தொலைந்த துயரைப் பட்டறிந்த தமிழர், அத்துயரைப் பிறரிடத்தும் உணர்தல் வேண்டும் அன்றோ?

தேடியும் கிடையாதவர்

தொலைந்தன எல்லாம் கிடைப்பதில்லை என்பதற்கும் கேமரன் மலையே சான்று. தாய்லாந்துப் பட்டுத் தொழிலை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், தாம் விருந்தினராகத் தங்கியிருந்த தானா ராத்தாவின் மாளிகையிலிருந்து வெளியே சென்றார், திரும்பவில்லை. படைவீரர், காவல்துறையினர், பூர்வகுடி வழிகாட்டிகள், ஊர்மக்கள் என நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சல்லடையிட்டுத் தேடினர். ஒரு தடயமும் அகப்படவில்லை. 1974ஆம் ஆண்டில் அவர் இறந்துவிட்டதாகத் தாய்லாந்து நீதிமன்றம் அறிவித்தது. அத்தேடல் பயன் தரவில்லை என்பது உண்மை, ஆயினும் வீணன்று. தமக்கு உறவில்லாத ஒருவருக்காகப் பல இனத்தவரும் காட்டில் இறங்கினர் என்பதே ஒரு சமுதாயத்தின் பெருமை.

1975ஆம் ஆண்டில் மலேசிய அரசு அக்கம்பக்கத்தார் கூடிக் காவல் புரியும் ‘ருக்குன் தெத்தாங்கா’ அமைப்பைத் தோற்றுவித்தது. அயலாரின் விழிப்பே ஊரின் அரண் என்பதே அதன் அடிப்படை. அவ்விழிப்பு கள்வனைப் பிடிப்பதற்கு மட்டும் உரியதன்று. தொலைத்தவரின் துயரைத் துடைப்பதற்கும் உரியது.

இப்பணிக்கு முதற்களம் தமிழ்ப்பள்ளியே. தவறிய எழுதுகோலை ஆசிரியர் மேசையில் வைக்கும் சிறுவன், நாளை கடப்பிதழைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பான். பள்ளியில் ஒரு பெட்டியும் ஒரு பதிவேடும் போதும். கண்ட பொருள், கண்ட இடம், கண்ட நாள், பெற்றுக்கொண்டவர் கையொப்பம் ஆகிய நான்கையும் மாணவரே எழுதிப் பழகலாம். பொருளின் அடையாளத்தைக் கேட்டறிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும் என்பதையும் அவர்களுக்கு உணர்த்தலாம். பாண்டியன் அவையில் காலந்தாழ்ந்து கேட்கப்பட்ட வினாவை, முன்னரே கேட்கப் பழகிய தலைமுறை உருவாகும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைச் செம்மையாகக் காப்பதும் இக்கடமையுள் அடங்கும். பத்திரம் இழந்த ஒருவரின் பெயரும் பிறந்த நாளும் அங்கேதான் எஞ்சியிருக்கக் கூடும்.

பிறர் பொருளைக் காப்பவர் அப்பொருளோடு பிறர் நம்பிக்கையையும் காக்கின்றார். அந்நம்பிக்கை தொலைந்தால் அதனைக் கண்டெடுத்துத் தருவார் எவரும் இலர்.