சென்னை கேட்ட கேள்வி

முதுகெலும்புக் கணுக்களை ஒன்றாக இணைக்கும் அறுவை 1911-இல் நியூயார்க்கில் வேரூன்றியது. மருத்துவர்கள் ஹிப்ஸ், ஆல்பி இருவரும் அதைக் காசநோய் அரித்த முதுகுக்காகச் செய்தார்கள். ஆல்பி கணைக்கால் எலும்பில் ஒரு சீவலெடுத்துப் பதித்தார். இன்று தேய்ந்த கீழ்முதுகில் அந்த வேலைக்கு விரியும் கேஜ் என்ற உள்வைப்பும் பயன்படுகிறது. சுருங்கிய நிலையில் சிறு கீறல் வழியே கணுக்களுக்கு இடையே தட்டு இருந்த இடத்துக்குள் நுழைந்து, திருகத் திருக உயர்கிறது. நரம்பை அதிகம் இழுக்காமலே உயரத்தை மீட்கலாம் என்கிறார்கள். காரணம் நல்லதுதான், ஆனால் நல்ல காரணம் சான்றாகிவிடாது.

இதைச் சொல்லத் தமிழ்நாட்டுக்கு உரிமை உண்டு. 1970-களில் தொடங்கிய சென்னை ஆய்வு, முதுகெலும்புக் காசநோயில் எலும்பை அகற்றி ஒட்டுவைக்கும் பெரிய அறுவையை, நடமாடியபடியே மாத்திரை சாப்பிடுவதோடு ஒப்பிட்டது. பத்தாண்டு முடிவில் நலமாயிருந்தோர் அறுவையில் 90 சதவீதம். ஆறு மாத மருந்தில் 94, ஒன்பது மாத மருந்தில் 99.

காசநோய்க்கு மருந்துண்டு, தேய்மானத்துக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறுவை தேவைப்படுவோரும் உண்டு. அதே ஆய்வில் 15 வயதுக்குட்பட்ட, 30 பாகைக்கு மேல் கூனிருந்த பிள்ளைகளுக்கு, அறுவையின்றிக் கூன் அதிகமானது. ஆகவே அறுவையே வேண்டாமென்பதல்ல வாதம். யாருக்கு வேண்டும் என்பதே. விரியும் கேஜும் அளவுமீறி விரிந்தால் மென்மையான எலும்புக்குள் அமிழலாம்; அப்போது மறு அறுவை தேவைப்படலாம். கொல்லிமலையின் எடப்புளி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் நோயாளிக்கு, மறு அறுவை சின்னச் சுமையல்ல. சாதாரண கேஜைவிட இது எனக்கு என்ன கூடுதலாகத் தரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.