உண்ணிக் காய்ச்சலும் நெல்லூர் மாடும்

பழவேற்காடு என்றால் இறால், பூநாரை, டச்சுக்காரர் கல்லறை, இவைதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் ஏரிக்கரை மீனவ ஊர்களில் மாடுகளும் உண்டு. மீன்பாடு குறையும் நாட்களில் பால் காசு வீட்டுக்குப் பெரிய உதவி. அந்த மாட்டைச் சாய்க்கும் உண்ணிக் காய்ச்சலைப் பற்றியும், அதற்குத் தடுப்பூசி வந்த கதையைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் மாடுகளை வடக்கே ஓட்டிச் செல்வார்கள். ஓட்டி வந்த மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் வந்து செத்துவிடும்! 1893-ல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் இதற்குக் காரணம் உண்ணிதான் என்று நிரூபித்தார்கள். செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல்தான். அதாவது கொசுவுக்கு முன்பே உண்ணி மாட்டிக்கொண்டது.

தெற்கத்தி மாடு ஏன் சாகவில்லை? கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்து, லேசாக நோய் வந்து, உடம்பு எதிர்ப்பு சக்தியைக் கற்றுக்கொண்டது. தடுப்பூசியின் சூத்திரமே இதுதான்.

நம் நாட்டில் உண்ணி பரப்பும் முக்கியமான மாட்டு நோய்களில் ஒன்று தைலேரியா. கடும் காய்ச்சல், கழலை போல வீங்கும் நிணநீர் முடிச்சுகள், ரத்தசோகை, கடைசியில் சாவு. நாட்டு மாடுகளுக்கும் இது தொற்றும். ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும்.

இங்கேதான் வேடிக்கை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி இருப்பது பழைய நெல்லூர் மாவட்டத்தில். அந்தச் சீமையின் ஓங்கோல் மாடுகள் 1868-ல் பிரேசிலில் போய் இறங்கின. 1962 வரைக்கும் மாடுகள் அங்கே போயின. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் அவை அங்கே பெருகின. இன்று பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி இந்த வம்சம்தான். பெயர் கூட "நெலோர்".

உண்ணியைத் தாங்கும் மாட்டை வெளியே அனுப்பிய நாம், பாலுக்காக ஜெர்சி, ஃபிரீசியன் இனங்களைக் கொண்டுவந்து கலப்பினம் உண்டாக்கினோம். 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபின் கலப்பினப் பசுக்கள் கிராமம் கிராமமாகப் பரவின. பால் பெருகியது உண்மை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாடு மாறியது, உண்ணி மாறவில்லை. கடன் வாங்கி வாங்கிய பசு செத்துவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும்.

தடுப்பு முயற்சி வேறு இடத்தில் முன்பே ஆரம்பித்திருந்தது. அல்ஜீரியாவின் பாஸ்டர் நிலையத்தில் எட்மண்ட் செர்ஜென்ட் குழுவினர், வீரியம் குறைந்த கிருமி உள்ள ரத்தத்தையே மாடுகளுக்கு ஏற்றினார்கள். ரத்தத்தோடு வேறு நோயும் சேர்ந்து போகும் ஆபத்து அதில் இருந்தது. 1945-ல் ட்சூர் என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியை மாட்டு உடம்புக்கு வெளியே, செல்களில் வளர்த்துக் காட்டினார். அப்படித் திரும்பத் திரும்ப வளர்க்க வளர்க்க அதன் வீரியம் குறைந்தது, பாதுகாப்புத் தரும் குணம் போகவில்லை.

இதே வழியில்தான் நம் ஊர் தடுப்பூசியும் வந்தது. தேசிய பால்வள வாரியம் 1982-ல் தொடங்கிய இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் "ரக்‌ஷாவாக்-டி" என்ற பெயரில் இதைத் தயாரித்தது. 2 மாதம் தாண்டிய கலப்பினக் கன்றுக்கே போடலாம்.

ஆனால் ஒரு சிக்கல். இது உயிருள்ள தடுப்பூசி. சுமார் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். உருக்கிவிட்டால் சீக்கிரம் போட்டுவிட வேண்டும். சாதாரண ஐஸ் பெட்டியில் வைத்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோக முடியாது. ஊசி போட்டாலும் உண்ணி ஒழியாது, தொழுவத்தைச் சுத்தமாக வைத்தே ஆக வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். ஓர் ஊருக்குப் புது மாட்டைக் கொடுப்பவர்கள், அந்த ஊர் உண்ணிக்கும் ஒரு பதிலைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய மாட்டிடம் அந்தப் பதில் இலவசமாகவே இருந்தது.