வகுப்பறைக்கு வந்த முன்னெச்சரிக்கை

பாடத்தில் வன்புணர்வு, தற்கொலை போன்றவை வரப்போவதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லும் குறிப்பை அமெரிக்கர்கள் ‘ட்ரிகர் வார்னிங்’ என்கிறார்கள். இதன் வேர் மனநல மருத்துவத்தில் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துயரம் பேசப்பட்டதையொட்டி, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் இணையத்தில் தங்களுக்குள் இவ்வெச்சரிக்கையைக் கைக்கொண்டனர். அக்கறையில் பிறந்த வழக்கம் அது.

கல்லூரிகளில் சர்ச்சை வெடித்தது 2014-இல். சான்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றம், பாடத்திட்டத்திலேயே எச்சரிக்கை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் ஆசிரியர்களுக்கான வழிகாட்டி இன்னும் ஒருபடி மேலே போனது: பாடநோக்கத்துக்கு நேரடியாக உதவாத, மனத்தைக் காயப்படுத்தும் பகுதிகளை நீக்கச் சொன்னது. சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலை உலகமே படிக்க வேண்டிய படைப்பு என்று புகழ்ந்துவிட்டு, இனவெறியையும் காலனியத்தையும் அனுபவித்தவர்களை அது பாதிக்கலாம் என்றது. அந்த மக்களின் பக்கம் நின்று எழுதப்பட்ட நாவல் அது என்பதை நினைத்தால், இந்த எடுத்துக்காட்டு வேதனை தருகிறது. ஆசிரியர்கள் எதிர்த்ததால் வழிகாட்டி திரும்பப் பெறப்பட்டது.

அதே ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், கட்டாய எச்சரிக்கை கல்விச் சுதந்திரத்தைக் குலைக்கும் என்றது. பணிப் பாதுகாப்பற்ற தற்காலிக ஆசிரியர்களே முதலில் அஞ்சி ஒதுங்குவார்கள் என்பது அதன் நியாயமான கவலை. 2016-இல் சிகாகோ பல்கலைக்கழகம் புது மாணவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் இவ்வழக்கத்தை ஆதரிப்பதில்லை என அறிவித்தது. 2023-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவை எச்சரிக்கையைக் கட்டாயமாக்கக் கோரி நிறைவேற்றிய தீர்மானத்தைப் பல்கலைக்கழகத் தலைவர் ஏற்க மறுத்தார். அதற்குள் உளவியல் ஆய்வுகளும் வந்திருந்தன: எச்சரிக்கை மனவேதனையைக் குறைப்பதில்லை, படிக்கும் முன் பதற்றத்தைச் சற்றே கூட்டுகிறது.