அங்குலம் முதல் பஸ்கால் வரை

வானொலியில் வானிலைச் செய்தி கேட்கும் எவருக்கும் 'தாழமுக்கம்' புதிய சொல்லன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அச்சொல் காதில் விழுந்ததும் கிழக்குக் கரையோர மக்களின் நெஞ்சு பதறும். தாழ்ந்தது எது, எவ்வளவு தாழ்ந்தது என்று அறிய ஓர் அளவு வேண்டும். அவ்வளவின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

நாம் அனைவரும் வளிக்கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றோம் என்ற கருத்தை, இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644இல் தம் நண்பருக்கு எழுதினார். இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை இரசத் தொட்டியில் கவிழ்த்தபோது, இரசம் முழுவதும் வழிந்துவிடாமல் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. அதனைத் தாங்கியது வெளியிலுள்ள வளியின் பாரம். 1648இல் பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் இக்கருவியை மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். அங்கே இரசம் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்ல வளியின் பாரம் குறையும் என்பது உறுதியாயிற்று. இக்கருவிக்குப் 'பாரமானி' என்று நம்மவர் இட்ட பெயர் ஒலியாலும் பொருளாலும் பொருந்துவது.

பாரத்தை அளக்கப் புகுந்தவர்கள் இரசத்தின் உயரத்தையே அளவாகக் கொண்டனர். பிரெஞ்சுக்காரர் மில்லிமீற்றரிலும் ஆங்கிலேயர் அங்குலத்திலும் குறித்தனர். சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் எழுதப்பட்ட குறிப்புகளும் அங்குலக் கணக்கே. பின்னர், விசையைப் பரப்பால் வகுத்துக் கூறும் அளவே பொருத்தம் என அறிஞர் கருதினர். பிரித்தானிய வானிலை அலுவலகம் 1914இல் மில்லிபாருக்கு மாறியது. 1971இல் சதுரமீற்றருக்கு ஒரு நியூற்றன் என்ற அளவுக்குப் பஸ்காலின் பெயர் சூட்டப்பட்டது. நூறு பஸ்கால் கொண்ட ஹெக்ரோபஸ்கால், பழைய மில்லிபாருக்குச் சமமானது. பெயர் மாறியது, எண் மாறவில்லை.

கடல்மட்டத்து நியம அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். அதுவே 29.92 அங்குலம், அதுவே 1013.25 மில்லிபார். மில்லிமீற்றரை நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்தால் மில்லிபார் ஏறத்தாழக் கிடைக்கும். அங்குலமாயின் ஏறத்தாழ 33.86ஆல் பெருக்கவேண்டும்.

இது வெறும் பள்ளிக்கூடக் கணக்குத்தானா, நேயர்களே? 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியில் அமுக்கம் 953 மில்லிபார் வரை தாழ்ந்ததாக மதிப்பிடுவர். இதனை அங்குலத்துக்கு மாற்றினால் 28.14. நியம நிலையிலிருந்து 60 மில்லிபார் வீழ்ச்சி. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். ஆகவே காற்று தள்ளிவரும் நீரைச் சேர்க்காமலே கடல் 60 சென்ரிமீற்றர் அளவு எழக்கூடும். அங்குலத்தில் எழுதிய நூற்றாண்டுப் பழமையான புயற் குறிப்பொன்றை இந்தப் புயலோடு ஒப்பிட விரும்புபவர் முதலில் அளவை மாற்றியாக வேண்டும். மாற்றத் தெரியாவிட்டால் முன்னோர் கண்ட புயல்கள் நமக்குப் பாடம் சொல்லமாட்டா.

பழைய அளவுகள் மறைந்துவிடவுமில்லை. கொட்டாஞ்சேனையில் வாகனச் சில்லுக்கு 28 இறாத்தல் காற்று அடிக்கச் சொல்கிறோம். அது ஏறத்தாழ 193 கிலோபஸ்கால். அந்த மானியின் பூச்சியம் வெற்றிடத்தைக் குறிப்பதில்லை. வெளியிலுள்ள 14.7 இறாத்தலுக்கு மேற்பட்டதையே அது காட்டுகின்றது. வெள்ளவத்தையில் வைத்தியர் சொல்லும் 120, மில்லிமீற்றர் இரசம். ஏறத்தாழ 16 கிலோபஸ்கால். அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் மூன்று இடத்தில் மூன்று பொருள் படும்.

சொல்லுக்கும் இதே நிலைதான். நாம் அமுக்கம் என்பதைத் தமிழ்நாட்டார் அழுத்தம் என்பர். நமது குருதியமுக்கம் அங்கே இரத்த அழுத்தம்; நமது தாழமுக்கம் அங்கே காற்றழுத்தத் தாழ்வு. வங்கக் கடலில் எழும் புயலொன்று இரு கரைகளையும் அச்சுறுத்துகையில், இரு வழக்குகளும் அறிந்தவர் இரு கரை எச்சரிக்கைகளையும் விளங்கிக்கொள்வர். எதைக் கைவிடவும் வேண்டியதில்லை. நம் மாணவர் அளவை மாற்றப் பழகும்போதே சொல்லை மாற்றவும் பழகட்டும்.