கைவிலங்குக்குப் பின்னால் நிற்பவர்கள்

சாதிவெறித் தாக்குதல் நடந்த மறுநாள் பத்திரிகைகளில் வரும் படங்களை நாம் நன்கு அறிவோம். அழும் தாயின் முகம், எரிந்த குடிசை, மருத்துவமனைக் கட்டில். தாக்கியவர்களின் தெரு அந்தப் படத்தில் இருக்காது. வேடிக்கை பார்த்த காவலரும் இருக்கமாட்டார். துயரத்தை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்துக் காட்டுவார்கள்; அதை உண்டாக்கிய ஏற்பாடு சட்டகத்துக்கு வெளியே பத்திரமாக நின்றுகொள்ளும். இதில் படம் எடுப்பவரின் மனநிலைக்குப் பங்கு உண்டு. அவர் கையிலிருக்கும் கருவிக்கும் பங்கு உண்டு. எனவே கேமரா லென்ஸின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை நாம் அரசியலாகப் படித்துப் பார்ப்போம்.

35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் வழக்கமான 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 பாகை அளவுக்குக் காட்சியைப் பிடிக்கும். 1954இல் ஸைஸ் நிறுவனம் காண்டாக்ஸ் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காக 21 மி.மீ. பயோகான் லென்ஸை வெளியிட்டது. லுட்விக் பெர்ட்டலே வடிவமைத்த அது 90 பாகையைப் பிடித்தது. 1958இல் லைக்காவுக்கு 21 மி.மீ. சூப்பர் ஆங்குலான் வந்தது. இந்த அகலம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு எளிதாக வாய்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே உள்ள தனிச் சாளரம் வழியாகப் பார்க்கிறோம். ஆகவே பிம்பத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி உள்ளே தேவையில்லை. லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் போய் உட்காரலாம்.

ரேஞ்ச்ஃபைண்டரின் சிறப்பே சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித் தூரத்தைக் கணிப்பதுதான். 21 மி.மீ. லென்ஸுக்கு அந்த வேலைகூட அநேகமாகத் தேவைப்படாது. அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 2 மீட்டருக்குத் திருகிவிட்டால் போதும். ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாக விழும். சட்டகத்தைப் பார்க்க மட்டும் கேமராவின் தலையில் தனியாக ஒரு வ்யூஃபைண்டரைச் செருகிக்கொள்ள வேண்டும்.

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒரு மனிதரைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். ஊர்த்தெருவில் நின்றுகொண்டு சேரியைப் படம் பிடிக்க இந்த லென்ஸ் உதவாது. மனிதர்கள் எறும்புகளாகத் தெரிவார்கள். அடுத்தது, அவ்வளவு அருகில் போன பிறகும் பின்னணி கலங்கி மறையாது. முகமும் தெளிவாக இருக்கும், முகத்துக்குப் பின்னால் நிற்பவர்களும் தெளிவாக இருப்பார்கள்.

தூரத்தையே சட்டமாக்கிய ஏற்பாடுதான் தீண்டாமை. அப்படித் தூரத்தில் நிறுத்தப்பட்ட ஒரு மக்களிடம் அகன்ற லென்ஸோடு போனவர் யோசெஃப் கௌடெல்கா. 1938இல் மொராவியாவில் பிறந்த விமானப் பொறியாளர். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகளுக்குள், குறிப்பாக ஸ்லோவாக்கியாவில், திரும்பத் திரும்பச் சென்று படம் எடுத்தார். அவர் கையிலிருந்தது ரேஞ்ச்ஃபைண்டர் அல்ல. உள்ளே கண்ணாடி கொண்ட எக்ஸாக்டா. அந்தக் கண்ணாடிக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றபடியே அகலமாகப் பார்க்கும் 25 மி.மீ. ஃபிளெக்டகான் லென்ஸைக் கிழக்கு ஜெர்மனியின் யேனா ஸைஸ் ஆலை செய்திருந்தது. அதைத்தான் அவர் மாட்டியிருந்தார். கேமராவின் வகை வேறு. ஆனால் அருகில் போகச் சொல்லும் விதியும் பின்னணியை விட்டுவைக்கும் விதியும் அதற்கும் பொருந்தும்.

ரோமா மக்களின் மொழி இந்தியாவிலிருந்து போனது. தண்ணீருக்குப் 'பானி', மனிதருக்கு 'மனுஷ்' என்கிறார்கள். செக் மொழியில் அவர்களை மற்றவர்கள் அழைக்கும் 'சிகான்' என்ற சொல்லுக்கு வேர் 'அதிங்கானோய்' என்ற கிரேக்கச் சொல் என்பது மொழி ஆய்வாளர் பலரின் கருத்து. அதன் பொருள் தீண்டத்தகாதவர். நாஜிகள் காலத்தில் செக் பகுதி ரோமாக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் வந்த சோசலிச அரசு 1958இல் அவர்கள் ஊர் ஊராகச் செல்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 1965இல் அவர்களது குடியிருப்புகளைக் கலைத்துச் சிதறடிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

1963இல் ஸ்லோவாக்கியாவின் யாரபினா என்ற ஊரில் கௌடெல்கா எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு கொலை எப்படி நடந்தது என்று காவல்துறை நடித்துக் காட்டச் சொல்லும் நேரம் அது. சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ரோமா இளைஞர் முன்னால் நிற்கிறார். கைகளில் விலங்கு. பின்னால் சீருடைக் காவலர்களும் ஊர் மக்களும் நின்று பார்க்கிறார்கள். நீண்ட லென்ஸால் எடுத்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு 'குற்றவாளி'யின் முகம். இந்தப் படத்தில் அவரை அங்கே நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அவருக்கும் அவர்களுக்கும் நடுவே கிடக்கும் வெற்றுத் தரைதான் படத்தின் செய்தி என்று நாம் வாசிக்கிறோம்.

ஆனால் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. அந்த இளைஞரின் பெயர் நமக்குத் தரப்படவில்லை. ஊரும் ஆண்டும் இருக்கின்றன. எடுத்தவரின் பெயர் இருக்கிறது. 1975இல் வெளிவந்த புத்தகத்தின் தலைப்பும் மற்றவர்கள் வைத்த 'ஜிப்சி' என்ற பெயர்தான். லென்ஸுக்கும் ஒரு கோணல் உண்டு. மிக அருகில் மூக்கைப் பெருக்கிக் காட்டும். ஓரத்தில் நிற்பவரின் தலையை இழுத்துவிடும். ஏழையின் உடலை விகாரமாக்கிக் 'கலை' செய்வதற்கு இதைவிட வசதியான கருவி கிடையாது.

படங்கள் கண்காட்சிச் சுவர்களுக்குப் போயின. ரோமாக்களுக்கு வேறு சுவர் எழுந்தது. 1999இல் செக் நாட்டின் உஸ்தி நாட் லாபெம் நகரில் ரோமா குடும்பங்கள் வாழ்ந்த கட்டடங்களைப் பிரித்து மதில் கட்டினார்கள். எதிர்ப்பு எழுந்த பின் சில வாரங்களில் அது அகற்றப்பட்டது. உத்தப்புரத்தை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஓஸ்ட்ராவா நகரின் 18 ரோமா மாணவர்கள் தொடுத்த வழக்கில், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் தங்களைத் தள்ளியது பாகுபாடு என்ற தீர்ப்பை 2007இல்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து பெற்றார்கள். அந்தத் தீர்ப்பை வாங்கித் தந்தது வழக்காடியவர்களின் பிடிவாதம்.

1999இல் ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் பெயரில் 15 மி.மீ. ஹெலியார் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய லைக்காவின் திருகு வாயில் அது நேராகப் பொருந்தும். பழைய கேமராக்களைத் தேடிப் பிடித்து ஃபிலிமில் படம் எடுக்கும் இளைஞர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். தெருமுனையில் நிற்காதீர்கள்; அனுமதி கேட்டு அருகில் போங்கள். துயரப்படுபவரை ஓரத்தில் நிறுத்தி உருக்குலைக்காதீர்கள். பின்னால் நிற்கும் காவலரையும் மதிலையும் சட்டகத்துக்குள் வையுங்கள். படம் எடுக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய பெயரை அவர் சொல்லும்படியே எழுதுங்கள்.