ஆலைச் சங்கு – 6: தலைவர் மீது ஒரு வழக்கு

1920 அக்டோபரில் பெரம்பூர் பக்கிங்ஹாம் மில்லின் கதவு சாத்தப்பட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். உள்ளே தறிச் சத்தம் இல்லை. வெளியே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களுக்கென்று இருந்தது சங்கம் ஒன்றுதான்.

அந்தச் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அப்போது வயது இரண்டரை. 1918 ஏப்ரல் 27-ல் அது பிறக்கக் காரணமானவர்கள் பெரம்பூர் வணிகர்கள் இருவர்: செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. மில் ஆட்கள் சொல்லும் கஷ்டங்களைக் கேட்டு மனம் பொறுக்காமல், அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவைத் தேடிப் போனவர்கள். வாடியா தமிழ் தெரியாத பார்சி. ஆனாலும் வந்தார், கேட்டார், தலைவரானார். தமிழில் முழங்க ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. துணைத்தலைவராக நின்றார். தொழிலாளர்கள் முதலில் எழுப்பிய குறை என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, உண்டு, வாசல் மூடுமுன் ஓடிவந்து நிற்க வேண்டும். சோறு நிம்மதியாக இறங்க இன்னும் சில நிமிடங்கள் வேண்டுமென்று கேட்கவே ஒரு சங்கம் தேவைப்பட்டது!

சங்கம் கூடாது என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சங்கத்துக்குக் காவலாகவும் எந்தச் சட்டமும் இல்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைப் பாதியில் விட்டால் சிறைக்கே அனுப்பக்கூடிய 1859-ம் ஆண்டுச் சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது.

மில்லை நடத்திய பின்னி கம்பெனி இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டது. வாடியா மீதும் சங்கத்தார் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள், அதற்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது வாதம். கதவைப் பூட்டியது நிர்வாகம்; ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தவர் என்று கூண்டில் ஏற்றப்பட்டவர் சங்கத் தலைவர்! நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை கொடுத்தது. இனி, “வேலைக்குப் போகாதீர்கள்” என்று மேடையில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது நீதிமன்ற அவமதிப்பு.

இங்கிலாந்திலும் இப்படி நடந்ததுண்டு. டாஃப் வேல் ரயில்வே கம்பெனி தொடுத்த வழக்கில் 1901-ல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பால், வேலைநிறுத்தத்தின் நஷ்டம் முழுவதும் சங்கத்தின் தலையில் விழுந்தது. அங்கே தொழிலாளர்கள் கொதித்தெழுந்து, 1906-லேயே சட்டத்தை மாற்ற வைத்தார்கள். அதே சாம்ராஜ்யத்தின் பெரம்பூருக்கு அந்தப் பாதுகாப்பு வரவில்லை. லண்டன் தொழிலாளிக்கு உரிமை, சென்னைத் தொழிலாளிக்கு வழக்கு. இந்த அநியாயத்தை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

டிசம்பரில் போலீஸ் சுட்டது. தொழிலாளர் ரத்தம் சிந்தியது. பட்டினி வீடுகளைத் தின்றுகொண்டிருந்தது. 1921 ஜனவரியில் சமரசம் பேசப்பட்டது. கம்பெனி வழக்கைக் கைவிடும். ஆனால் வாடியா சங்கத்தை விட்டே விலக வேண்டும்.

வாடியா விலகினார். சரணாகதி என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நஷ்டஈட்டுச் சுமை விழுந்திருந்தால் அந்தச் சின்னச் சங்கம் நசுங்கியிருக்கும். தன்னைக் கொடுத்துச் சங்கத்தை மீட்டார் அவர். பின்னாளில் 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18-வது பிரிவுக்கு நாம் வரும்போது, வாசகர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்றது அது.

ஆனால் அது தானாக வந்துவிடவில்லை. சென்னையில் நடந்தது டெல்லியில் ஒருவரைத் தூங்க விடவில்லை. வாஷிங்டனில் 1919-ல் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாகச் சென்றவர் என்.எம். ஜோஷி. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் எழுந்து, சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார்.

அரசாங்கம் தலையசைத்தது. சட்டம் நிறைவேற இன்னும் 5 ஆண்டுகள் இருந்தன. பெரம்பூரில் அடுத்த வேலைநிறுத்தம் வெடிக்கச் சில மாதங்களே இருந்தன. இந்த முறை மில் வாசலில் வாடியா இல்லை.

(தொடரும்)